பசுமைக்குடில் ஷீட்டில் வெள்ளைப் புள்ளி

பிளாஸ்டிக் ஷீட்டைக் கீற்றாக வெட்டி, மெஷினில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். தரப் பரிசோதனையில் குப்பை கொட்டுகிறவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நாள் போனால் வீட்டுப் பாலைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்க்கத் தோன்றும்.

பொடி

மைசூர் ஹெப்பாளில் எங்கள் கம்பெனி பசுமைக்குடில்களுக்கு ஷீட் தயாரிக்கிறது. அதில் ஜிங்க் ஆக்சைடு நானோ பொடியைத் துளி கலந்தால் வெயில் அரிக்காது, ஷீட்டும் உறுதியாகும் என்றார் பொடி விற்கிறவர். நான் நம்பவில்லை. இழுத்துப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது, அந்த ஆள் சொன்னது உண்மைதான்.

முதலாளிக்கு ஆசை விடவில்லை, இரண்டு பங்கு போடச் சொன்னார். பொடி கட்டி தட்டியது. கட்டி இருந்த இடத்திலேயே கீற்று பட்டென்று அறுந்தது. அவர் என்னைத்தான் முறைத்தார். "நல்லதத்தானே ஜாஸ்தியா போட்டோம், அப்புறம் எப்படிக் கிழியும்?"

ஆயுத பூஜை

தசராவுக்குப் பிறகு ஓட்டிய ஷீட்டில் வெள்ளைப் புள்ளிகள். போட்டது பழைய அளவுதான், ஆனாலும் கட்டி. பொடிக்காரர் சுண்ணாம்பைக் கலந்துவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். விசாரித்தால், கலவைப் பிரிவு சிவண்ணா பூஜையன்று மெஷின், தொட்டி, திறந்திருந்த பொடி மூட்டை என்று ஒன்று விடாமல் தீர்த்தம் தெளித்திருக்கிறார். இந்தப் பொடிக்கு ஈரம் ஆகவே ஆகாது, பட்டால் கட்டி தட்டிவிடும். சொன்னதும் மனுஷர் ஆடிப்போய்விட்டார். "பொடிய மட்டும் விட்டுட்டா சாமிக் குத்தம் ஆயிடாதா சார்?"

ஹனூர்க்காரர்

அந்த ஷீட் அதற்குள் ஹனூருக்குப் போய்விட்டது. பழனிசாமி என்ற விவசாயி அதைக் குடைமிளகாய் நாற்றுக்கு மேலே கட்ட, காற்றில் கிழிந்து, பாதி நாற்று வெயிலில் கருகிவிட்டது. கிழிந்த ஷீட்டைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். மீதியைக் காப்பாற்ற உடனே புது ஷீட் வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு இந்தப் பருவமே போச்சு. எங்கள் விற்பனை மேலாளரோ, ஆணி அடித்ததில் கிழிந்தது என்று எழுதச் சொல்லி, பரிசோதிக்க ஒரு துண்டை நீட்டினார். அதில் மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. வேறு ரோல்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழனிசாமி தூக்கி வந்த ஷீட்டிலேயே வெட்டுகிறேன் என்றேன். அவர் மறுமுனையை விடவே இல்லை. "எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு எதைக் காட்டிக் கேக்கறதுங்க?"

புது ரோல்

கீற்று சரியாகப் புள்ளியில் அறுந்தது. தவறு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், முதலாளி முனகிக்கொண்டே புது ரோல் கொடுத்தார். பழனிசாமியின் கண்ணெதிரே அதிலும் ஒரு கீற்று வெட்டி இழுத்துக் காட்டினேன். ஜோராக நீண்டது. நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் ரோலை இன்னும் கொஞ்சம் பிரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "அது நீங்க பொறுக்குன எடமுங்க. இங்க ஒண்ணு வெட்டி இழுங்க."

எதையும் நம்பாமலிருக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அவருக்கோ மிச்ச நாற்று பிழைத்தாக வேண்டும். அவர் விரல் வைத்த இடத்தில் வெட்டினேன்.