கேஸ் மாத்திரையைத் தின்றது யார்?

குற்றாலத்தில் சீசன் நேரம் மருந்துக் கடையில் விற்பதில் பாதி வயிற்று மாத்திரைதான். அருவியில் குளித்தால் பசிக்கும். பரோட்டாவையும் கோழியையும் கழுத்து வரைக்கும் அடைத்துவிட்டு நேராக நம் கடைக்கு வருவார்கள். "மேடம், ஒரே கேஸு." கேஸ் இல்லை, கொழுப்பு. வாய்விட்டுச் சொன்னால் முதலாளி முறைப்பார்.

ஆனால் பார்மசிஸ்டாக நின்ற இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்தத் தின்னிகளிடம் இல்லை. இசக்கியிடம்.

இசக்கி அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவன். சீசனில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முதுகு. தோள்பட்டை கழன்றுவிடும். காலையில் வந்து நிற்பான். "யக்கா, ஒரு செட்டு."

செட் என்றால் வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று. அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிக் காகிதக் கவரில் போடுவோம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும்; அமிலத்தைக் குறைக்கத்தான் இன்னொன்று இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் ரெண்டு செட் கேட்டான்.

"எதுக்குலே ரெண்டு?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நீ ஒரு நாள் தேச்சுப் பாரு, தெரியும்."

அதையும் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை வந்தவன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னலே, ராத்திரி தண்ணியா?"

"இல்லக்கா. வெளிக்குப் போனா கருப்பாப் போவுது, ரோட்டுக்கு ஊத்துத தாரு மாதிரி. தேச்ச எண்ணெ உள்ள எறங்கிட்டோ?"

அவன் சிரித்தான். நான் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால்தான் மலம் அப்படிப் போகும். எழுந்தவன் அப்படியே சரிந்தான்.

முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "மேடம், ஆள வாசல்லருந்து தள்ளிப் படுக்க வைங்க. கஸ்டமர் வாராவல்லா."

நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. ஆட்டோவில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்கு விட்டேன். வழியில் கேட்டேன்.

"கேஸ் மாத்திரைய சாப்பாட்டுக்கு முந்தித்தான போட்ட?"

"அத நான் எங்க போட்டேன்?"

"பின்ன?"

"தேய்க்க வாரவுக வயிறுமுட்டத் தின்னுட்டு வந்து, குப்புறப் படுத்ததும் நெஞ்சு எரியுதும்பாவ. அவுகளுக்குக் குடுத்துருவேன். எனக்கென்ன கேஸா? எனக்குக் கை வலிதான!"

வலி மாத்திரையை மட்டும் தின்றிருக்கிறான், தினமும் ரெண்டு. கூட இருந்தது எதற்கு என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. கேஸ் மாத்திரை என்று பெயர் வைத்தால் கேஸ் இல்லாதவன் ஏன் தின்பான்?

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். ரத்தம் ஏற்றினார்கள். ஆள் பிழைப்பான் என்று தெரிந்த பிறகு டாக்டர் கேட்டார்: "இத்தன நாள் யாருய்யா இதக் குடுத்தது?"

இசக்கி என்னைப் பார்த்தான். "கடை ஞாபகம் இல்ல சார்."

"நான்தான் சார்," என்றேன். கிடைத்ததை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எட்டு வாரத்துக்கு அதே கேஸ் மாத்திரைதான் எழுதியிருந்தார்கள். வலி மாத்திரை அறவே கூடாது. தினமும் காலையில் சாப்பிடும் முன் என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன்.

"பச்சப்புள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுதியேக்கா."

"வாயத் தெற. முழுங்கிட்டியான்னு பாக்கணும்."

இப்போது கவுண்டரில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யார் தின்பது, எதற்கு, எத்தனை நாள்? இதைக் கேட்காமல் கத்தரியைத் தொடாதே. நானும் தொடுவதில்லை.

எட்டாவது வாரம் முடிந்ததும் இசக்கி மறுபடி வந்தான். "வயிறு சொகமா இருக்குக்கா. இன்னும் ஒரு அட்ட குடேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். சத்தியமா."

"எதுக்கு?"

"தேய்க்க வாரவுகளுக்கு நெஞ்சு..." என்று இழுத்தான்.

"ஓடுலே," என்றேன்.