நாற்பத்தொரு சாக்கு: கும்மிடிப்பூண்டியில் கற்றது, பள்ளிப்பட்டுப் பக்கம் நடந்தது

கோயில், அருவி, கடற்கரை என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த ஆவணியில் நான் போனது நாட்டுத் துப்பாக்கி விஷயமாக. சிறு தொண்டு அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு, போன இடத்தைப் பற்றி எழுதுவது என் பொழுதுபோக்கு. திருவள்ளூர் மாவட்டத்தில் வீடுகளுக்குள் ஒளிந்து கிடக்கும் துப்பாக்கிகளை வெளியே கொண்டுவரப் பாடுபடும் ஐந்து அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து என்னைக் கூப்பிட்டன. உரிமம் இல்லாததைக் குறிப்பிட்ட நாளுக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல் துறை அவகாசம் கொடுத்திருந்தது. கையில் இருந்தது மூன்றே வாரம். இதே வேலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக் கொள்ளவும்தான், அதை மறைப்பானேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் முழுவதும் படித்துவிட்டு "போட்டுக்கங்க" என்று சொன்ன பிறகே இது உங்கள் கண்ணுக்கு வருகிறது.

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் காலை 6.40க்குப் புறநகர் ரயில். கும்மிடிப்பூண்டி 48 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மீஞ்சூர் வரைக்கும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். மின் நிலைய வேலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் பெட்டி காலியாகி, ஜன்னலோரமே கிடைக்கும். நான் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைப் பிரித்தேன்.

நிலைய வாசலில் ஷேர் ஆட்டோ, சிப்காட் வரை 20 ரூபாய். ஓட்டுநர் எந்த கம்பெனி என்று கேட்டார்.

"கம்பெனி இல்லப்பா. தொழிலாளர் சங்க மாடி. துப்பாக்கி சம்பந்தமா ஒரு ட்ரெயினிங்."

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுடறதுக்கா மேடம்?"

"சுடாம இருக்கறதுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்கு ட்ரெயினிங்? சும்மா குந்திக்கினு இருந்தா போதாதா?"

ஐந்து அமைப்புகள், இரண்டு நாள், நாற்பது பக்கக் கையேடு. மனுஷன் ஒரே வரியில் முடித்துவிட்டார். இறங்கும்போது நானும் சிரித்துவிட்டேன்.

மாடியில் இருபத்திரண்டு பேர். எளாவூர் சோதனைச் சாவடி அருகே லாரி ஓட்டுநர்களுக்காக வேலை செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் நல அமைப்பிலிருந்து டேனியல் வந்திருந்தார். ரோலிங் மில் ஒன்றில் ஷிப்ட் வேலை. அவர் அப்பா வயலில் கூலிக்குப் போனவர், இவர் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர். லேத் பட்டறைகளில் ஏறி இறங்கி, துப்பாக்கிக் குழாய்க்கென்று யாராவது வந்தால் கடைந்து கொடுக்காதீர்கள் என்று பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேலை. மாவட்டத்தின் மறு கோடியான பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து மூன்று வண்டி மாறி வந்திருந்தார் குமுதா. மகளிர் குழுத் தலைவி. அவர் ஊரில் நெல்லும், கல்லக்காய் என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற சொந்த நிலக்காரர்கள். ஆந்திரக் காட்டிலிருந்து பன்றி இறங்கி விளைச்சலை நோண்டிப் போடும். அதற்காகத்தான் பரணில் துப்பாக்கி.

முதல் நாள் காலையில் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டபோது குமுதா எழுந்து சொன்னது இது. ஒன்றரை வருடம் முன்பு, விடியற்காலையில் வரப்போரம் ஏதோ அசைகிறதே என்று அவர் கணவர் முனிரத்தினம் சுட்டார். அசைந்தது பன்றி இல்லை, குமுதாவின் சொந்தத் தம்பி சேகர். உயிர் தப்பியது, வலது முழங்கால் போனது. இரண்டு வீட்டுக்கும் அன்றோடு பேச்சு நின்றது. கேஸ் வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். ஆனால் அந்தத் துப்பாக்கி இன்னும் குமுதா வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

"துப்பாக்கிய குடுத்துடுங்கன்னு நான் எந்த ஊட்டு வாசல்ல போயி நின்னாலும், மொதல்ல உன் ஊட்டுத குடுன்றாங்க மேடம். நாயம்தான? எங்கூட்டுக்காரரு அசைய மாட்டன்றாரு. நாள் தாண்டிப் போச்சின்னா ஊர்ல ஒண்ணுகூட வெளிய வராது."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கவலைப்படாதீங்க, கையேட்டுல நாலாம் பகுதியில இதுக்கு வழி இருக்கு" என்றேன். மதியம் அந்த நான்காம் பகுதியை நடித்துப் பார்த்தோம். குமுதா தன் கணவராக உட்கார்ந்தார். டேனியல் அமைப்புக்காரராகக் கையேட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

"அண்ணே, லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கறது தப்பு. கேஸ் ஆயிடும்."

"ஆவட்டும்," என்றார் குமுதா, கணவரின் குரலில். "பன்னி வந்து கல்லக்காய நோண்டுதே, அதும்மேல எந்த கோர்ட்ல கேஸ் போடுவ நீ? ஆயுத பூஜைக்கு சந்தனம் வெச்சு கும்புட்ட சாமான் அது. போய்யா."

மாடியே சிரித்தது. டேனியல் அடுத்த வரியைப் படித்தார். "உங்க குடும்பத்தோட பாதுகாப்ப நெனச்சுப் பாருங்க."

குமுதா மெதுவாகப் பேசினார். "நெனைக்காமயா இருக்கறேன்? ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போனா வழிநெடுக்க ஊரு பாக்கும். மச்சான சுட்டவன் போறான் பாருன்னு சொல்லும். அத்த தூக்கிக்கினு நான் எப்டி நடக்கறது?"

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். "இத்த அவரு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல மேடம். நான் பேசறப்பதான் எனக்கே தெரியுது."

நான் கையேட்டை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். இருபது வருட வேலையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

வழி டேனியலிடமிருந்து வந்தது. "எங்க மில்லுல அளவு பாக்கற வெர்னியர் காணாம போச்சின்னா, ஃபோர்மேன் யாரையும் கேக்க மாட்டாரு. ஸ்டோர் ரூம்ல ஒரு பொட்டி வெச்சிருவாரு. ஷிப்ட்ல இருக்கற அத்தினி பேரும், எடுத்தவன் எடுக்காதவன் எல்லாரும், ஒவ்வொருத்தனா உள்ள போயிட்டு வரணும். சாயந்தரம் பாத்தா பொட்டில வெர்னியர் இருக்கும். யாரு எடுத்தான்னு இன்னி வரைக்கும் தெரியாது. சாமான் வந்துருச்சா, அது போதும்."

"வெர்னியரு பாக்கெட்ல அடங்கும். துப்பாக்கி அடங்குமா?" என்று எளாவூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ ஊட்டுக்கு ஒரு சாக்கு. இருக்கறவங்க அத்த வெச்சி கட்டிக்கினு வரட்டும். இல்லாதவங்க உலக்கயோ மம்புட்டிக் காம்போ எதுனா நீட்டமா வெச்சி கட்டிக்கினு வரட்டும். எல்லாரும் வரணும்."

அடுத்த நாள் முழுக்க அதையே ஒத்திகை பார்த்தோம். முன் கதவால் உள்ளே, பின் கதவால் வெளியே, நடுவில் ஒரு நேரத்துக்கு ஒருவர் மட்டும். இந்த ஒப்படைப்பைக் கவனிக்கும் காவல் ஆய்வாளரும் வந்து உட்கார்ந்து கேட்டார். மருந்து நிரப்பிய துப்பாக்கி சாக்கில் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரே கேள்வியில் எங்களை மடக்கினார். ஆயுதப் பிரிவு ஆள் ஒருவர் முன்கூட்டியே ஊருக்குப் போய் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது, ஒப்படைக்கும் நாளில் சாக்குகளை அவர் மட்டுமே பிரிப்பது என்று முடிவானது. முதல் நாள் இரவு தங்கிய விடுதி 900 ரூபாய். மின்விசிறி ஓடியது, அதற்கு மேல் புகழ ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாடு 90 ரூபாய், ரசம் பிரமாதம்.

பத்து நாள் கழித்து பள்ளிப்பட்டு. சென்னையிலிருந்து திருத்தணி 82 கிலோமீட்டர், புறநகர் ரயிலில் இரண்டு மணி நேரம், 20 ரூபாய். அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 32 ரூபாய். கடைசி ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோ. "டப்பு முன்னாடியே குடுத்துடுங்க மேடம், ரிட்டர்ன் சவாரி கெடைக்காது" என்று 150 வாங்கினார். நியாயமான தொகைதான். மீதி நான்கு அமைப்புகளும் ஒரு வேன் பிடித்து எனக்கு முன்னாலேயே வந்து, நாஷ்டாவும் முடித்திருந்தன.

ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு இரண்டு வாசல். வீட்டுக்கு ஒன்றாக மகளிர் குழு கொடுத்திருந்த ஒரே மாதிரி யூரியா சாக்குகள், மொத்தம் நாற்பத்தொரு வீடு. பத்து மணிக்கு வரிசை ஆரம்பித்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வெறுங்கையோடு பின்வாசலில் வெளியே வந்தார்கள். குமுதா முன் கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சாக்கு வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கவனித்தேன். குமுதா மட்டும் தெருப்பக்கம் திரும்பவே இல்லை.

முப்பது சாக்கு தாண்டியபோது முனிரத்தினம் வந்தார். டி.வி.எஸ். வண்டியில் குறுக்கே சாக்கு. வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு, தலையைத் தொங்கப்போட்டபடி வரிசைக் கடைசியில் போய் நின்றார். அடுத்து வந்தவர்கள் அவர் பின்னால் நிற்கத் தயங்கி டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். அந்த இடைவெளி எனக்குச் சங்கடமாக இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்போது சேகர் வந்தான். தோளில் சாக்கு. வலது காலை இழுத்து இழுத்து, இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று, நேராக வந்து தன் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக சேகருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

பதினொன்றரைக்கு எல்லா சாக்கும் உள்ளே. எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு ஆயுதப் பிரிவுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். ஆறு வரும் என்பது குமுதாவின் கணக்கு. வந்தது ஒன்பது. ஆய்வாளர் அதை அறிவித்ததும் டேனியல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விரல் வலித்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டோம். ஒரு விவசாயி வந்து, "என் கடப்பாரய குடுங்க, நான் கயினிக்கு போவணும்" என்றார். அவர் பின்னால் உலக்கை கேட்டு இரண்டு பேர். ஐந்து அமைப்பும் நானும் ஒரு ஆய்வாளரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தோம், திருப்பிக் கொடுப்பதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டால், கடைசியில் எடுக்க ஒன்றுமில்லாமல் நிற்கிற ஒன்பது பேரை ஊரே எண்ணிவிடும்.

குமுதாவுக்கு அது எனக்கு முன்னாலேயே உறைத்தது. கதவுக்குக் குறுக்கே நின்றார். "எதுவும் திரும்பாது. உள்ள போனது போனதுதான். எல்லாத்துக்கும் ஒரே நாயம்."

"புதுக் கடப்பாரம்மா, போன மாசம் வாங்கனது. முன்னாடியே சொல்லியிருந்தா பழைய உலக்கய கட்டிக்கினு வந்திருப்பேன்ல. இன்னா பேஜாரு இது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் பின்னாலிருந்து வந்தது.

"என் கக்கத்து கட்டயே உள்ள கெடக்குது," என்றான் சேகர். "அத்த வெச்சுதான் ஒன்றர வருசமா நடந்துக்கினு இருந்தேன். ஊட்ல நீட்டமா வேற ஒண்ணும் கெடைக்கல. நான் கேட்டனா?"

காலில் குண்டு பட்டவன், ஊன்றி நடந்த கட்டையைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்திருக்கிறான். துப்பாக்கியோடு தனியாக நின்ற மாமாவுக்குத் துணையாக நிற்பதற்கு. அதை அங்கிருந்த எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கடப்பாரைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

முனிரத்தினம் மரத்தடியில் போய் வண்டியை உதைத்தார். மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது. ஓட்டிக்கொண்டு வந்து சேகர் பக்கத்தில் நிறுத்தினார்.

"மச்சான். ஏறு."

சேகர் காலைத் தூக்கிப் போடச் சிரமப்பட்டான். முனிரத்தினம் ஒரு கையால் அந்தக் காலைப் பிடித்து மிதியில் வைத்தார்.

"மெதுவா ஓட்டு மாமா."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு என் அனுபவம். இரண்டு வாசல் உள்ள கட்டடம் இல்லாத ஊரில் இதைத் தொடங்காதீர்கள். சாக்கு நீங்களே கொடுங்கள், ஒரே மாதிரி இருக்கட்டும். மருந்து விஷயத்தைக் காவல் துறை ஆளிடமே விடுங்கள். போட்டது எதுவும் திரும்பாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், புதுக் கடப்பாரை தப்பிக்கும். பன்றிக்கு என்ன செய்வது என்றும் ஊரோடு பேசிவிட்டுக் கிளம்புங்கள். இங்கே விளக்கும், தட்டி விரட்டத் தகரமுமாக முறை வைத்துக் காவல் போகிறார்கள், வேலிக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். நாற்பது பக்கக் கையேடு வேண்டுமென்றால் அனுப்புகிறேன். நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அங்கே இப்போது டேனியலும் குமுதாவும் சொன்னது இருக்கிறது. இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு மதியம் 12.50க்கு ஒரு பேருந்து உண்டு, உட்கார இடம் கிடைக்கும். அதை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டுதான் வர வேண்டும். நான் விட்டுவிட்டேன். அந்த டி.வி.எஸ். வண்டி தெருமுனை திரும்பும் வரை குமுதாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். மனுஷன் அவ்வளவு மெதுவாக ஓட்டினார்.