நானா வாங்கித் தந்த கவராயம்

என் இடது கண் போனது வட்டம் கீறும் ஒரு கவராயத்தால்தான்.

அப்போது நான் முதலாம் தரம். உச்சமுனையிலிருந்து கற்பிட்டியில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு என் மூத்த சகோதரரான நானாவும் நானும் வள்ளத்தில் போவோம். உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடித்துவிடும் என்று நானா தன் புதுக் கவராயத்தைப் புத்தகப் பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதன் கூர்முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கரையில் இறங்கும்போது, என் சப்பாத்து நனையக்கூடாது என்று என்னைத் தூக்கினார். அவருடைய கால் வழுக்கியது. என் முகம் அவர் நெஞ்சில் மோதியது.

அதற்குப் பிறகு நானா என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதே இல்லை. என்னைப் பார்க்க அவருக்கு அருவருப்பு என்றே நினைத்திருந்தேன்.

ஆறாம் தரத்துக்கு எனக்கும் கவராயம் தேவைப்பட்டது. உம்மா எங்கள் இருவரையும் புத்தளத்துக்கு அனுப்பினார். கடையில் நானா ஒவ்வொரு கவராயமாக எடுத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு, முனையைத் தன் இமையின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

கடைக்காரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"தங்கச்சிக்கு வாங்கணும். அதான் பாக்குறேன்."

கடைசியில் முனை மழுங்கிய பிளாஸ்டிக் கவராயம் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இது குத்தாது."

அவருடைய இமையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

அந்த முனை தாளில் நிற்காமல் வழுக்கும். நான் கீறும் எந்த வட்டமும் ஒழுங்காகச் சேராது.

"வட்டம் நல்லா வருதா?" என்று நானா கேட்பார்.

"ஓம் நானா, நல்லா வருது" என்பேன்.