ஒரு சாணும் நான்கு விரலும்

தொண்ணூறுகளில் காரக்கோணத்துக்குப் பக்கம் ஒரு பள்ளியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் அங்கேயே ஏழாம் வகுப்பு படித்தாள். நீளம் தாண்டுவாள். பல பள்ளிகள் சேரும் உபஜில்லாப் போட்டிக்குப் போவதுதான் அவளுக்கு அப்போது உலகம்.

அங்கே விளையாட்டுச் சொல்லித்தந்த சாரைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. எங்கேயோ பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்து, தாண்டுவதையே தான் கண்டுபிடித்ததுபோல நடந்தார். பிள்ளைகளைப் பெஞ்சு மேலிருந்து குதிக்கவைத்து, கால் தரையில் பட்டதும் எகிறி மேலே சாடச் சொல்வார். தான் சாடமாட்டார். விசில் ஊதுவார்.

போட்டிக்கு முந்தின வாரம் நான் சமைக்கும் கஞ்சிப்புரைச் சுவரில் சோதனை வைத்தார். விரலில் கரி தொட்டு, நின்றபடி கை எட்டும் இடத்தில் ஒரு கோடு, சாடி எட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு காலையும் ஊன்றிச் சாடியபோது என் மகள் இரண்டு சாண் ஏறினாள். ஒற்றைக்காலில் ஒரு சாணும் நான்கு விரலும். சாணுக்குப் பன்னிரண்டு விரல் கணக்கு.

"ஒத்தக்காலுக்கு இவ்வளவு உண்டெங்கி ரெண்டு காலுக்கு அதுக்க இரட்டி வரண்டாமா?" என்றார் சார். "பாக்கி எட்டு விரல் எங்க போச்சு? நீ சோம்பல்பட்டு மடிச்சியாக்கும். பேரை வெட்டியாச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அகப்பையைப் பார்த்தேன். ஆண்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

சாயங்காலம் சுவரைக் கழுவப் போனவள், கழுவாமல் எல்லாக் கோட்டையும் சாண் வைத்து அளந்தேன். ஒரு பிள்ளைக்கும் கணக்கு இரட்டியாக வரவில்லை. ஒற்றைக்கால் எல்லாருக்கும் பாதிக்கு மேலேதான். இதில் என்ன அதிசயம்? கஞ்சிச் சருவத்தைத் தனியாகத் தூக்கினால் முழு மூச்சையும் கொடுப்பேன். இரண்டுபேர் பிடித்தால் ஆளுக்குக் கொஞ்சம் குறையும். கால்களும் அப்படித்தான். அதோடு, ஒற்றைக்காலில் சாடும்போது மற்றக் கால் சும்மா தொங்குவதில்லை, முழங்காலை மடக்கி மேலே வீசி உதவுகிறது. நாலாம் வகுப்போடு நின்றவளுக்குத் தெரிந்தது இது.

மறுநாள் எப்படியோ சொல்லிவிட்டேன். "சாரே, எல்லாருக்கும் அப்படித்தான் உண்டு. சுவரில பாருங்க."

"சேச்சி கஞ்ஞிக்கு உப்பு பாத்தா போரும்."

"அப்பம் சாரு ஒண்ணு சாடிக் காட்டுங்க" என்றாள் மகள்.

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தப்ப வழியில்லாமல் சார் சாடினார். இரண்டு காலில் ஒரு சாண். ஒற்றைக்காலில் எட்டு விரல்.

"சாருக்கு நாலு விரல் மடி உண்டு" என்றது பின்னால் ஒரு குரல்.

"இஞ்ச தரை சரிவாக்கும்" என்றார் சார்.

மத்தியானம் பட்டியலில் மகள் பெயர் திரும்ப ஏறியது. "நான் வெரட்டினதுலதான் அவ ஒழுங்கா சாடுதா" என்று என் காதுபடத் தலைமையாசிரியையிடம் சொன்னார்.

"போட்டும் அம்மா, பேரு உண்டுல்லா" என்றாள் மகள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கஞ்சி குடிக்க வந்த சார் இரண்டாவது தடவை பாத்திரத்தை நீட்டியபோது கஞ்சி தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.