ராக்கெட் பார்க்க வந்த விருந்தாளிகள்

லண்டனின் கிழக்கோரம் குட்மேய்ஸில் எங்கள் வீடு ஒரு நீண்ட வரிசையின் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். ஒரு காலை ஷிப்டுக்குப் போகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சுவருக்குள்ளிருந்து அபாயச் சங்கு ஊதியது. அடுப்பை எப்போது அணைத்தேன் என்று தெரியாது. சத்தம் நின்றபோது சாப்பாட்டு மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற, தெரு முழுக்க ‘மோர்னிங்’ சொல்லிக்கொண்டு போகிற ஒருத்தி இருக்கவேண்டிய இடம் அதுவல்ல.

பக்கத்து வீட்டில் இருப்பவள் ஓர்லி. பியானோ சொல்லிக்கொடுக்கிறவள், இஸ்ரேலில் பிறந்தவள். குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுக்கும்போது கேட்டேன். அவளுடைய அம்மா அஷ்கெலோன் என்ற கரையோர நகரத்தில் தனியாக இருக்கிறாராம். காஸாவிலிருந்து அந்தப் பக்கம் ராக்கெட் கிளம்பினால் இங்கே ஓர்லியின் போனும் அலறும்.

“இங்கேயிருந்து உங்களால் ஒன்றும் செய்ய முடியாதே, பிறகேன் அதை வைத்திருக்கிறீர்கள்?” என்றேன் ஆங்கிலத்தில்.

“அம்மா ஓடிக்கொண்டிருக்கிறார் என்றாவது தெரியுமே” என்றாள்.

எனக்குத் தெரிந்த சத்தம்தான் என்று சொல்ல நினைத்து, “எங்களுக்கும் கிபிர் இருந்தது” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “கிபிரா! என் தம்பியின் பெயர்! சிங்கக்குட்டி என்று அர்த்தம். உங்கள் ஆட்களும் அந்தப் பெயர் வைப்பார்களா?”

அது அவளுடைய நாடு செய்து எங்கள் நாட்டுக்கு விற்ற குண்டுவீச்சு விமானத்தின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். “இல்லை, அது வேறு” என்று சொல்லித் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்குச் சங்கு ஊத ஆளில்லை. ஊரில் நாய்கள்தான் முதலில் ஓடும், நாங்கள் பின்னால் ஓடுவோம். பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் காதில் பஞ்சும் பல்லுக்கிடையில் குச்சியுமாகக் குப்புறக் கிடப்போம். அந்த நாட்களில் என் அண்ணை ரவி லண்டனில் இருந்தார். சண்டை தொடங்குவதற்கு முன்னரே படிக்கவென்று வந்தவர். அவரோடு பேசுவதற்காக அம்மா தொலைபேசிக் கடையில் அரைநாள் காத்து நிற்பார். இணைப்புக் கிடைத்ததும் அண்ணை கேட்கிற முதல் கேள்வி, “அம்மா, இப்ப ஆரின்ர கை ஓங்கியிருக்கு?” சாப்பிட்டீர்களா என்பது அதற்குப் பிறகுதான், நேரம் மிஞ்சினால்.

அந்த அண்ணைதான் என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் இரண்டு சிநேகிதர்களோடு வந்தால் நான் ஆட்டிறைச்சிக் கறி வைப்பேன், அவர்கள் என் தொலைக்காட்சியில் போர் பார்ப்பார்கள். இளவயதில் அண்ணைக்கு இஸ்ரேல் என்றால் பக்தி, சின்னஞ்சிறு நாடு எப்படி நிமிர்ந்து நிற்கிறது பார் என்பார். கிபிர் வந்த பிறகு பாலஸ்தீனர்மேல் பாசம் வந்தது. இப்போது ராக்கெட் பறந்தால் பறக்கவிட்டவன் கெட்டிக்காரன், அதை வானத்திலேயே உடைத்தால் உடைத்தவன் கெட்டிக்காரன். எந்தப் பக்கம் செத்தாலும் எங்கள் அண்ணைக்கு நட்டமில்லை.

அப்படி ஒரு ஞாயிறு மாலை. திரையில் அஷ்கெலோனின் இரவு வானம், மேலே ஏறுகிற வெளிச்சப் புள்ளிகள்.

“பிடிச்சிட்டான்!” என்று தொடையில் தட்டினார் ஒருவர்.

“பொறு, பொறு, ஒண்டு தப்பி வருது. விழுந்திட்டுது! சரியான அடி!” என்றார் அண்ணை, வாய் நிறைய இறைச்சியோடு.

கிரிக்கெட்டுக்குக்கூட இவர்கள் இவ்வளவு குதிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர்லி வந்தாள். எனக்கு வந்த பார்சலை முதல்நாள் தபால்காரன் அவளிடம் விட்டுப்போயிருந்தான். கதவைத் திறந்ததும் அவளுடைய கண் என் தோளைத் தாண்டிப் போனது. தமிழ் தெரியாது, ஆனால் கைதட்டல் எந்த மொழியிலும் கைதட்டல்தானே. “அது எந்தத் தெரு?” என்று கேட்டாள்.

அண்ணை எழும்பி வந்தார், வீட்டுக்காரன்போல. பக்கத்து வீட்டுக்காரி எந்த நாடு என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். “கம், கம், மேடம்! உங்கட ஆக்களின்ர டெக்னோலஜி வெரி குட்!”

அவள் கையிலிருந்த போன் அலறியது. பார்சலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். என் வீட்டு நடைவழியில், கழற்றிவிட்ட சப்பாத்துகளுக்கு நடுவே, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “டோன்ட் வொறி, மேடம், எல்லாத்தையும் பிடிச்சுப்போடுவினம்” என்று அண்ணை பாதித் தமிழில் ஆறுதல் சொன்னார், ஒரு கண் திரையில்.

நான் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

“என்னடி இது? முக்கியமான கட்டம்!”

“சாப்பிட்டாச்சுத்தானே, அண்ணை. எழும்புங்கோ. வீட்டை போங்கோ.”

“என்னையே போகச் சொல்லுறியோ? நான் இல்லாட்டி நீ இண்டைக்கு லண்டனிலை இருப்பியோ?”

“ஓம், நீங்கள் இல்லாட்டி நான் இங்கை இல்லை. ஆனா ஷெல் குண்டு விழேக்குள்ளை நீங்கள் அங்கை இல்லை. போனிலை கதை கேக்கத்தான் இருந்தனீங்கள்.”

சிநேகிதர்கள் தட்டுகளை வைத்துவிட்டு ஓர்லியைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் ஒருவர் போகும்போதே போனை எடுத்து, மிச்சத்தை அதில் பார்க்கத் தொடங்கிவிட்டார். அண்ணை கடைசியாகப் போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஓர்லியின் அம்மா கடைசியில் போனை எடுத்தார். கட்டடத்தின் படிக்கட்டடியில் ஒதுங்கி நின்றாராம், அடுப்பில் சூப் எரிந்துவிட்டதென்று மகளைத் திட்டினாராம். ஓர்லி அழுது முடித்து என் கையைப் பிடித்தாள். “எங்கள் பக்கம் நிற்கிற ஒருத்தி பக்கத்து வீட்டில் இருப்பது பெரிய விஷயம்” என்றாள். நான் யாருடைய பக்கமும் நிற்கவில்லை, தொலைக்காட்சியை மட்டும்தான் நிறுத்தினேன் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

அடுத்த நாள் வேலையிடத்தில் நாடியாவிடம் இதைச் சொன்னேன். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை அவித்துச் சுத்தப்படுத்துகிற பிரிவில் அவளும் நானும் ஒரே மேசை. காஸாக்காரி. அக்கா அங்கே, கடற்கரையில் ஒரு கூடாரத்தில். உலக நிலவரத்தால் மனம் வருந்துவோருக்கென்று எங்கள் மேலாளர் ஒரு அமைதி அறை திறந்து பிஸ்கட்டும் வைத்திருந்தார். நாடியா ஒருநாள் போனாள். கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே ஒரு பெண் இதமான குரலில் சொல்லியிருக்கிறாள். நாடியா ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் சொன்னதை அவள் கத்தரிக்கோல்களை அடுக்கியபடியே கேட்டாள். “அவளுக்குச் சங்கு ஊதுகிறது. என் அக்காவுக்கு என்ன ஊதுகிறது?” என்றாள். பிறகு, “எங்கள் வீடு விழுந்ததையும் உன் அண்ணன் பார்த்திருப்பாரா?”

பார்த்திருப்பார். ‘பாவங்கள்’ என்று சொல்லியிருப்பார், உடனே அது என்ன ரகக் குண்டு என்று சிநேகிதர்களுக்கு விளக்கியிருப்பார். நான் அடுத்த தட்டை இழுத்துக் கருவிகளை எண்ணத் தொடங்கினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாள் மேசையின் மறு முனையில் நின்று வேலை செய்தாள். ஓர்லி வேலிக்கு மேலால் கேக் நீட்டுகிறாள், நாடியா முகம் கொடுக்கிறாளில்லை. நடுநிலை என்பது ஏதோ உயரமான இடம் என்று இங்கே செய்தி வாசிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்தபோது நாடியாவாகவே வந்து என்னோடு பஸ் ஏறினாள். அக்காவின் போனில் அன்று முழுக்க மணிகூடப் போகவில்லை என்றாள். மேல்தட்டில் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். சமாதானம் பேசவில்லை. அவள் எண்ணை அழுத்துவாள், வைப்பாள், அழுத்துவாள்.

விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அது தாண்டும்வரை இருவரின் தலையும் தோளுக்குள் இருந்தது. பஸ்ஸில் வேறு யாருக்கும் எதுவும் நடக்கவில்லை.

“இந்தப் பயம் எப்போது போகும்?” என்று நாடியா கேட்டாள்.

“போனால் சொல்கிறேன்” என்றேன்.

பக்கத்து இருக்கையில் தாயின் மடியில் நின்ற குட்டிப் பெண்ணொருத்தி விமானத்துக்குக் கை காட்டிவிட்டு, நீங்களும் காட்டுங்கள் என்பதுபோல எங்களைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டு ஒரு கையை ஆட்டினேன். மற்றக் கை முன்னாலிருந்த கம்பியை, விரல் வெளுக்க, இறுக்கிப் பிடித்திருந்தது.