நல்ல நேரத்தில் திறக்காத சந்தை

முத்துராமன் பங்கு வாங்கியதற்குக் காரணம், அவன் பேருந்தில் உட்கார இடமில்லாமல் போனதுதான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் கணினிச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவன் ஊழியர் பேருந்து ஓட்டினான். முதல் வருடம் காலையில் ஒரு நடை போதுமாக இருந்தது. 2006-இல் மூன்று நடை அடித்தும் ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள்.

அப்படி ஒரு நாள் மாலை, தோ பாயோவில் இருந்த அக்கா லீலாவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, இந்தச் சில்லுக்கு டிசைன் போடுற கம்பெனி அமெரிக்காவுல இருக்காம். அதுல கொஞ்சம் ஷேர் வாங்கிப் போடவா?"

"இன்னைக்கு எத்தன பேரு நின்னுட்டு வந்தாங்க?"

"பதினாலு பேரு."

"எண்ணினியா, குத்துமதிப்பா?"

"எண்ணினேன்க்கா."

"அப்ப வாங்கு."

லீலா ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் பார்க்காமல் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடந்ததில்லை. சிராங்கூன் சாலையில் வாங்கிய நாள்காட்டியைப் பார்த்து, புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மேல் வங்கியில் படிவத்தைக் கொடுக்கச் சொன்னாள். முத்துராமனும் போனஸ் பணம் மூவாயிரம் சிங்கப்பூர் வெள்ளியைப் போட்டு அறுபது பங்கு வாங்கினான்.

பிறகு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. படிவம் கொடுத்தது நல்ல நேரத்தில்தான். ஆனால் பங்கை வாங்கியது அன்று இரவு பதினொன்றரைக்கு என்று அதில் அச்சடித்திருந்தது. மறுவாரமே விலை இறங்கியது.

"பாத்தியா?" என்றாள் லீலா. "விக்கும்போது இந்தத் தப்பு நடக்கக் கூடாது. விக்கிற நிமிஷமே நல்ல நேரமா இருக்கணும்."

நாள்காட்டியில் நல்ல நேரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அமெரிக்கச் சந்தையோ சிங்கப்பூரில் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் திறந்து, கோழி கூவும் நேரத்தில் மூடிவிடும். இரண்டும் எந்த நாளிலும் சந்திக்கப் போவதில்லை என்பது அக்கா தம்பி இருவருக்குமே பத்தொன்பது வருடம் உறைக்கவில்லை. ஏனென்றால் அவன் ஒவ்வொரு முறையும் "இன்னைக்கு விக்கலாமா?" என்றுதான் கேட்டான். அவளும் அன்றைய தாளை மட்டும் பார்த்து, "இன்னைக்கு இல்ல" என்றாள்.

2008-இல் பேருந்து காலியானது.

"அக்கா, ஏழே பேரு. அதுலயும் ஒருத்தன் நேத்து இறங்க மறந்து தூங்கினவன். ஷேர் மூணுல ஒரு பங்கு ஆயிடுச்சு. வித்துடவா?"

"மணி பத்தாவப் போவுது. இப்ப நேரமில்ல தம்பி. விடியட்டும்."

விடிந்தபோது சந்தை மூடியிருந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் முத்துராமன் விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தூங்க ஆரம்பித்தான்.

விலை திரும்ப ஏறியது. மறுபடி விழுந்தது, மறுபடி ஏறியது. ஒரு முறை ஒரு பங்கை நான்காகப் பிரித்தார்கள். பின்னொரு முறை பத்தாகப் பிரித்தார்கள். அறுபது பங்கு இரண்டாயிரத்து நானூறு ஆகிவிட்டது. வங்கி தெரியாமல் கூட்டிப் போட்டுவிட்டது என்று லீலா நினைத்தாள். நம்முடையது இல்லாதது நமக்கு வேண்டாம் என்று தம்பியை இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கக் கேட்டாள். முகப்பில் உட்கார்ந்திருந்த பெண், மேலாளரை அழைத்தாள். மேலாளர் எல்லாம் அவர்களுடையதுதான் என்று சொல்லி, இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினார்.

அதன்பின் தோ பாயோவில் கோயில் வரிசையில் நிற்கும் யாரும் லீலாவிடமிருந்து தப்பிக்கவில்லை. "பத்தொன்பது வருஷமா ஒரே ஷேர். ஒண்ணு வித்ததில்ல. எந்தம்பியோட பொறுமை யாருக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வோர் ஆண்டின் விலையையும் தான் குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினாள். மூவாயிரம் வெள்ளி நானூற்றைம்பதாயிரத்தைத் தொட்டிருந்தது.

முத்துராமன் மனைவி சந்திரமதியைத்தான் அந்தப் பொறுமை பாடாய்ப் படுத்தியது. ஈசூன் வீட்டின் சமையலறை ஒழுகியது. மகள் இனியா பிள்ளைத்தாய்ச்சி. அவள் இருந்தது செங்காங்கில். அவள் வீட்டுக்கு எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் ஒரு வீடு விலைக்கு வந்தது. தொண்ணூறாயிரம் ரொக்கம் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக விற்பவர் சொல்லிவிட்டார். பங்கை விற்றால் பணம் கைக்கு வர ஏழு வேலைநாள் ஆகும். புதன்கிழமையை விட்டால் வழியில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் ஈசூனில் கூடினார்கள்.

"நாள்காட்டி இடம் கொடுக்கலயே," என்றாள் லீலா.

"அண்ணி, நானூத்தைம்பதாயிரத்த வச்சுக்கிட்டு நான் சமைக்கிறப்ப தலைக்குப் பிளாஸ்டிக் பை போட்டுக்கிறேன். அதுக்கு நாள்காட்டி என்ன சொல்லுது?" என்றாள் சந்திரமதி.

இனியா வயிற்றின்மேல் தட்டை வைத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். "அத்தை, ஷேர் எங்க இருக்கு?"

"அமெரிக்காவுல."

"அப்ப நல்ல நேரம் நமக்குப் பாக்கணுமா, ஷேருக்கா?"

லீலா நாள்காட்டியில் புதன்கிழமைத் தாளைப் புரட்டினாள். இனியா எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"புதன் காலையில ஒன்பதேகால்லேர்ந்து பத்தேகால். நியூயார்க்ல காலையில ஒன்பதரைக்குத்தான் மார்க்கெட் திறக்கும். இங்க அப்ப ராத்திரி ஒன்பதரை. முள்ளு ரெண்டும் அதே இடத்துலதான் இருக்கும், அத்தை."

லீலா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல வேளைடி! ரெண்டாயிரத்து எட்டுல நீ மூணாம் வகுப்புல இருந்தே. அப்பவே இதச் சொல்லியிருந்தா எந்தம்பி எல்லாத்தையும் வித்திருப்பான்."

புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கே லீலா ஈசூனுக்கு வந்துவிட்டாள். இனியா கைப்பேசியில் ஐந்நூறு பங்கு என்று போட்டு அப்பாவிடம் நீட்டினாள். பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும்.

ஒன்பதரை ஆனது. முத்துராமன் விரலைத் துடைத்துக்கொண்டான். பத்து மணி ஆனது. மறுபடி துடைத்துக்கொண்டான்.

"என்னங்க, அழுத்துங்க."

"இரு சந்திரா. இது இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தா எவ்வளவு ஆவும்னு..."

"இன்னும் பத்தொன்பது வருஷத்துல உங்களுக்கு எண்பது வயசு ஆவும்!"

"அக்கா, நீ அழுத்தேன்."

"உன் ஷேர்டா. உன் கை."

"கை வரலக்கா. இவ்வளவு நாளும் நேரம் இல்லன்னு இருந்தேன், நிம்மதியா இருந்துச்சு."

சந்திரமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கணவனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பச்சைப் பட்டனில் வைத்து அழுத்தினாள். விற்றாகிவிட்டது என்று திரையில் வந்தது.

முத்துராமன் அக்காவைப் பார்த்தான். "மணி என்னக்கா?"

லீலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இனியாவின் கைப்பேசியையும் பார்த்தாள். மூன்றிலும் பத்து பதினெட்டு. நல்ல நேரம் முடிந்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. எதிரே அவள் தம்பி, விரலைச் சுட்டுக்கொண்டவன்போல் மறுகையால் பொத்தியபடி நின்றிருந்தான்.

"பத்து பதினாலு," என்றாள்.

"அத்தை, இதுல..."

"பத்து பதினாலுன்னு சொல்றேன்ல."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கோணலில்லாமல் 10.14 என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

மறுநாள் விலை ஏறியது. முத்துராமன் விடிவதற்குள் போன் செய்தான். "அக்கா, ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா..."

"மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஷேரும் ஏறியிருக்குமே? அது யாரோடது? பக்கத்து வீட்டுக்காரனோடதா?"

அவன் கணக்குப் போடும் சத்தம் கேட்டது. அதற்குள் சந்திரமதி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, செங்காங் வீட்டுல பால் காய்ச்ச நேரம் பாத்துச் சொல்லுங்க. சிங்கப்பூர் நேரமே போதும்."