தாளம் இல்லாத நாற்பத்திரண்டு நொடி

8.8.2009. சீட்டு 60. ஹம்மிங் 51.0 நொடி.
3.12.2011. சீட்டு 150. ஹம்மிங் 38.6 நொடி.
20.9.2014. சீட்டு 250. ஹம்மிங் 46.2 நொடி.
11.2.2017. சீட்டு 400. ஹம்மிங் 42.3 நொடி.
18.3.2017. சீட்டு 400. ஹம்மிங் 42.4 நொடி.
22.4.2017. சீட்டு 450. ஹம்மிங் 42.3 நொடி.

இந்தப் பட்டியல் விசில் டீச்சரின் நோட்டில் உள்ளது. அவர் அனுமதியோடு சில வரிகளை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன். சீட்டு என்பது கச்சேரிச் சீட்டின் விலை, ரூபாயில்.

விசில் டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் ஒரு கயிற்றில் விசிலும் இன்னொரு கயிற்றில் ஸ்டாப்வாட்ச்சும் தொங்கும். மாணவிகள் வைத்த பெயர் எங்கள் இசை ரசிகர் சங்கத்திலும் நிலைத்துவிட்டது. சங்கத்தில் மொத்தம் நாற்பத்தோரு பேர். மாதம் எட்டுப் பக்கத்தில் ஓர் இதழ் போடுவோம். அதில் ஐந்தாம் பக்கம் டீச்சருடையது. நான் செயலாளர். வரும் கடிதம், போகும் கடிதம், கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பது எல்லாம் என் பதிவேட்டில் இருக்கும்.

ஐந்தாம் பக்கத்தைப் படிக்கவே சிலர் சந்தா கட்டினார்கள். ஒரு புதிய ஆல்பத்தைப் பற்றி டீச்சர் இப்படி எழுதினார்: "பத்துப் பாட்டில் இரண்டுக்கு உயிர் இருக்கிறது. மற்ற எட்டும் இடம் பிடிக்கப் போட்ட துண்டு." ஒரு விருது விழாவுக்குப் போய்வந்து எழுதியது: "பாடிய நேரம் 31 நிமிடம். நன்றி சொன்ன நேரம் 1 மணி 12 நிமிடம். அடுத்த வருடம் நன்றிக்கே ஒரு விருது கொடுத்துவிட்டால் பாடகர்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்." கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கணக்கு தப்பு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

அவருக்குப் பிடித்த பாடகி ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடகியின் கச்சேரி ஊரில் நடந்தால் டீச்சர் அங்கே இருப்பார். பாடகியின் முதல் ஆல்பத்தில் வந்த ஒரு பாட்டு வாத்தியம் எதுவும் இல்லாத ஹம்மிங்கோடு தொடங்கும். தாளமும் கிடையாது. பாடகி மனம் போல் இழுத்து, மூச்சு முடிகிற இடத்தில் விடுவார். அப்புறம்தான் ட்ரம்ஸ் சேரும். அந்த ஹம்மிங்கை டீச்சர் ஒவ்வொரு முறையும் அளப்பார். ஒரு முறை போல் இன்னொரு முறை இருக்காது என்பதுதான் அவருக்கு அதில் ருசி.

2017 ஏப்ரலில், அந்த வருடத்தின் மூன்றாம் கச்சேரி முடிந்த மறுநாள், ஞாயிறு காலை, நோட்டோடு சங்க அறைக்கு வந்தார். நானும் தலைவரும் இருந்தோம். தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

"இதப் பாருங்க சார்," என்று கடைசி மூன்று வரியில் விரலை வைத்தார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "மூணு தடவையும் ஒரே நேரமா? பேஷ். அனுபவம்மா. என் கடையில பையன் பொட்டலம் கட்டினா கூட ஒரே அளவாத்தான் இருக்கும்."

"பொட்டலத்துக்கு மூச்சு வாங்காது சார்."

"சரி, இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"அவங்க பாடல. பதிவு பண்ணினது ஓடியிருக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், இத வெளிய சொல்லாதீங்க. உங்க தம்பி எங்க வேல செய்யறான்னு ஞாபகம் இருக்கா?"

மறக்கவில்லை. டீச்சரின் தம்பிதான் அந்தப் பாடகியின் குழுவில் ஒலிப் பொறுப்பு. பத்து வருடம் கல்யாண மண்டபங்களில் மைக் கட்டிக்கொண்டிருந்தவர். முன்பு இருந்தவர் வேலையை விட்டபோது டீச்சரே பாடகியிடம் பேசி அவரைச் சேர்த்துவிட்டார். மேடைக்கு எதிரே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவர் அவர். எந்தச் சத்தம் வெளியே போனாலும் அவர் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நகர வானொலி வருடாவருடம் விருது கொடுக்கும். நேரடி இசைக்கான விருதை ஒன்பது ரசிகர்கள் சேர்ந்து தீர்மானிப்பார்கள். அந்த வருடம் டீச்சர் ஒன்பதில் ஒருவர். பாடகியின் பெயர் பட்டியலில் இருந்தது. பிப்ரவரி முதல் மே வரை நடக்கும் நான்கு கச்சேரிகள் கணக்கு. படிவத்தின் அடியில் ஒரு வரி: "இக்கலைஞர் மேடையில் நேரடியாகவே பாடினார் என்று உறுதி கூறுகிறேன்." அதற்குக் கீழே கையெழுத்து. ஜூன் 5 கடைசி நாள்.

அன்று மாலையே தம்பியிடம் கேட்டுவிடப் போவதாகச் சொல்லி, என்னையும் உடன் அழைத்தார். "நான் கேக்கும்போது நீங்க இருங்க சார். பின்னாடி நானே வேற மாதிரி ஞாபகம் வச்சுக்கக் கூடாது."

அவர்கள் வீடு இரண்டாம் மாடி. சமையலறையும் கூடமும் ஒன்றே. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானா? அக்கா, இப்ப எல்லா மேடையிலயும் ட்ரம்ஸ்காரர் காதுல டக் டக்னு ஒரு சத்தம் ஓடும். அதுக்குத்தான் எல்லாரும் வாசிப்பாங்க. பாட்டு ஒரே நேரம்தான் வரும். உன் ஸ்டாப்வாட்ச்ச ஓட்டப் பந்தயத்தோட நிறுத்திக்கோ."

"பாட்டுக்குச் சரிடா. ட்ரம்ஸே தொடங்காத ஹம்மிங்குக்கு எந்த டக் டக்?"

தம்பியின் கை தட்டிலேயே நின்றது.

தம்பி மனைவிதான் பேசினார். "அண்ணி, அவர் வேலையில சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. அவங்க சொன்னா செய்யணும். இவர் என்ன பண்ணுவார்?"

"நீ சும்மா இரு," என்றார் தம்பி மனைவியிடம். அக்காவைப் பார்த்து, "அவங்களுக்குத் தொண்டை சரியில்ல. இவ்வளவுதான் சொல்வேன். நீ கையெழுத்துப் போடு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"போட மாட்டேன்."

"அப்ப என் பேரையும் சேர்த்து எழுதிடு. நீதானே சேர்த்துவிட்ட. நீயே இறக்கியும் விடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து இரண்டு நேரத்தில் சாப்பிட்டார்கள் என்று தம்பி மனைவி என்னிடம் சொன்னார்.

டீச்சர் பாடகிக்கு எழுதினார். முதல் கடிதம் 29.4. இரண்டாவது 8.5. மூன்றாவது 17.5. மூன்றும் என் பதிவேட்டின் வழியாகத்தான் போயின. மூன்றிலும் ஒரே விஷயம். தொண்டை சரியில்லாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள், அல்லது முடிந்த அளவு பாடுங்கள், நான்காம் கச்சேரியில் நீங்கள் பாடினால் அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதிலும் இல்லை.

27.5, சனிக்கிழமை. நான்காம் கச்சேரி. எனக்கும் டீச்சருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பன்னிரண்டு வரிசை பின்னால் மிக்ஸர். டீச்சர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டாப்வாட்ச்சை மடியில் வைத்துக் கைக்குட்டையால் மூடியிருந்தார். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அது அவர் வழக்கம் இல்லை.

எட்டாவதாக அந்தப் பாட்டு. விளக்கு குறைந்தது. பாடகி கண்ணை மூடி மைக்கை உதட்டருகே கொண்டுபோனார். சத்தம் வரவில்லை. ஜனம் அதையும் ரசித்தது. நான்கு நொடி. ஐந்து நொடி. பாடகி கண்ணைத் திறந்து மிக்ஸர் பக்கம் பார்த்தார். நான் திரும்பினேன். தம்பி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில், பாடகியின் கச்சேரிகளை நடத்தும் கம்பெனியின் மேலாளர் அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி அசையவில்லை. ஒன்பது நொடி ஆயிற்று. முன்வரிசையில் ஒருவர், "மைக் போச்சுடா," என்றார். யாரோ சிரித்தார்கள்.

பிறகு பாடகி பாடினார். குரல் மெல்லியதாக, மணலில் இழுத்தது போல் வந்தது. மேலே போகிற இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை, கீழே இறங்கித் தொடர்ந்தார். பின்னாலிருந்து ஊளையிட்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. மூச்சு முடிந்த இடத்தில் விட்டார், ட்ரம்ஸ் சேர்ந்தது.

டீச்சர் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தி, இருட்டிலேயே நோட்டில் எழுதினார். 29.6 நொடி.

திங்கட்கிழமைக்குள் அந்த உடைந்த இடம் ஊர் முழுக்கக் கைபேசிகளில் ஓடியது. கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. ஒலிப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட கோளாறு, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அறிக்கையில் தம்பியின் பெயர் இல்லை. ஆனால் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து இடத்தில் வேலை கேட்டார். ஐந்திலும், "நீங்கதானே அவர்," என்றார்கள்.

டீச்சர் படிவத்தை 2.6 அன்று அனுப்பினார். உறுதிமொழி வரிக்குப் பக்கத்தில், "முதல் மூன்று கச்சேரிகளுக்கு உறுதி கூற இயலாது. நான்காவதற்கு மட்டும் கூறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். காரணம் கேட்டு வானொலியிலிருந்து ஆள் வந்தபோது, "கேட்டதுக்குத்தான் எழுதியிருக்கேன். அதுக்கு மேல இல்ல," என்று அனுப்பிவிட்டார். விருது வேறொருவருக்குப் போயிற்று.

42 நொடி வந்த அந்த மூன்று வரியை ஐந்தாம் பக்கத்தில் போட்டால் தம்பி கவனக்குறைவானவர் அல்ல என்று ஊருக்குப் புரியும். போடலாமா என்று நான் கேட்டேன். டீச்சர் அதைத் தம்பியிடம் கேட்டிருக்கிறார். தம்பி சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொன்னார்: "போட்டா நான் திருடன். போடலேன்னா நான் முட்டாள். எது வேணும்னு நீயே பார்த்துக்கோ." டீச்சர் போடவில்லை.

9.7 அன்று சங்கக் கூட்டம். சங்கம் கொண்டாடுகிற பாடகிக்கு விருது கிடைக்காமல் செய்ததாக டீச்சர் மேல் தீர்மானம் வந்தது. இருபத்தைந்து பேர் இருந்தார்கள்.

ஒருவர் கேட்டார். "மூணு கச்சேரிக்கு ஏன் போடல? காரணத்தச் சொல்லுங்க, நாங்களே உங்களுக்குக் கை தூக்கறோம்."

நோட்டு டீச்சரின் பைக்குள்தான் இருந்தது. பை மடியில் இருந்தது.

"தம்பி மிக்ஸர கோட்டைவிட்டான், அக்கா கையெழுத்த கோட்டைவிட்டாங்க. குடும்ப வழக்கம் போல," என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார், நான் தலைவரைப் பார்த்தேன். அந்த அறையில் எண்கள் தெரிந்தவர்கள் நாங்கள் மூவரே. சொல்லக்கூடாது என்று டீச்சர் எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தார். தீர்மானத்துக்கு ஆதரவு 14, எதிர்ப்பு 11. ஐந்தாம் பக்கம் டீச்சர் கையை விட்டுப் போயிற்று. டீச்சர் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, "சந்தா டிசம்பர் வரைக்கும் கட்டியிருக்கேன். இதழ் அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் பாடகிக்கு எழுதினார். 12.7, 31.7, 22.8. இப்போது ஹம்மிங்கைப் பற்றி ஒன்றும் இல்லை. என் தம்பி கவனக்குறைவானவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும், அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்பதுதான். பதில் வீட்டு முகவரிக்கு வந்தால் தம்பி கிழித்துவிடக்கூடும் என்று சங்க முகவரியே கொடுத்திருந்தார். தம்பி அப்போது ஒரு வாடகைக் கம்பெனியில் ஸ்பீக்கர் பெட்டி சுமந்துகொண்டிருந்தார். மிக்ஸர் பக்கம் அவரை விடவில்லை. தம்பி மனைவி கடைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்தால், "லெட்டர் வந்துச்சா சார்?" என்பார். இல்லை என்று சொல்ல வேண்டுமே என்று நான் அந்தத் தெருவைத் தவிர்த்த நாட்கள் உண்டு.

செப்டம்பர் முதல் தேதி பாடகியின் புதிய ஆல்பம் வந்தது. டீச்சர் வாங்கினார். எழுத இதழ் இல்லாததால் நோட்டில் எழுதியிருந்தார். "மூன்றாம் பாட்டு நன்று. ஆறாவதை விட்டிருக்கலாம். நான்காவதில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்குவது கேட்கிறது. முன்பெல்லாம் இதை வெட்டிவிடுவார்கள். இந்த முறை வெட்டவில்லை. இதுவரை வந்ததில் இதுவே நல்லது." கோபத்துக்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உறை தம்பி பெயருக்கு இருந்தது. நான் பிரிக்காமல் அவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போனேன். மூவரும் இருந்தார்கள். தம்பி நின்றபடியே படித்தார். பாடகியின் கையெழுத்தில் ஒரு பக்கம். மூன்று கச்சேரியில் அந்த இடத்தைத் தான் பாடவில்லை என்றும், தான் வற்புறுத்தியே தம்பி பதிவை ஓட்டினார் என்றும், நான்காம் கச்சேரியன்று மதியமே, "இன்னைக்குப் போட மாட்டேன்," என்று தன்னிடம் நேரில் சொன்னார் என்றும், எப்படியும் போட்டுவிடுவார் என்று தான் நினைத்ததாகவும் எழுதியிருந்தார். இது கோளாறு அல்ல, கவனக்குறைவு அல்ல, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டலாம் என்று முடித்திருந்தார். கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

"முன்னாடியே சொல்லிட்டியா?" என்றார் டீச்சர்.

"பின்ன? சொல்லாம கழுத்தறுக்க முடியுமா?"

"எங்கிட்ட சொல்லலையேடா."

"உங்கிட்ட சொன்னா அதையும் நோட்டுல எழுதுவ." தம்பி கடிதத்தை அக்காவிடம் நீட்டினார். "இந்தா. மெதுவாப் படி. நேரம் யாரும் பார்க்கல."

டீச்சர் உட்கார்ந்து படித்தார். தம்பி மனைவி அடுப்பில் மூன்று பேருக்கும் எனக்கும் சேர்த்துக் காபிக்குத் தண்ணீர் வைத்தார். நான் வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்து, அனுப்புநர், பெறுநர், பக்கம் ஒன்று என்று எழுதினேன். அந்தப் பாடகியிடமிருந்து அதற்குப் பிறகு வேறு கடிதம் வரவில்லை. இது வந்து சேர்ந்த நாள் 19.9.2017.